மெட்டி விரல்

ஏழாம் மாதத்தில் பாகீரதியின் பாதங்கள் வீங்கின. மெட்டி சதைக்குள் புதைந்து விரல் நீலம் பாரித்தது. ஸ்ரீவராகம் அக்ரகாரத்தில் சுமங்கலிகள் மெட்டியைக் கழற்றுவதில்லை.

"அதை வெட்டினா எம்பிள்ளை ஆயுசுக்கு ஆகாதுடி" என்றாள் மாமியார் விஜயம்.

"அவர் ஆயுசைப் பத்மநாப ஸ்வாமி பாத்துப்பார் அம்மா. என் காலை நான் பாத்துக்கறேன்."

கணவன் ஹஜூர் கச்சேரியில் சர்க்கார் வேலைக்குப் போனதும் பாகீரதி தட்டானை வரவழைத்து, வாசலிலேயே உட்கார்ந்து காலை நீட்டினாள். எதிர்வீட்டு ஜன்னல்களில் முகங்கள் தெரிந்தன. அவள் காலை இழுத்துக்கொள்ளவில்லை. அரம் உராய உராய மெட்டி சூடேறியது, பல்லைக் கடித்துக்கொண்டாள்.

உள்ளேயிருந்து விஜயம் ஒரு செம்புத் தண்ணீருடன் வந்து, குனிந்து, விரல்மேல் சொட்டுச் சொட்டாக விட்டாள்.

"பதுக்க, மெதுவா ராவு ஆசாரி" என்றாள், ஜன்னல்களுக்கும் கேட்கும்படி. "எங்காத்துப் பொண்ணுக்கு வலிக்கறது."