அர்பாபின் காளையைப் பிடித்தவர்

ஒன்பதாயிரத்து முந்நூறு ரூபாய். வெள்ளைக்கண்ணு அண்ணன் விசாவுக்காக வட்டிக்கடை சீதாராமனிடம் வாங்கியது அவ்வளவு. ஈடாக, அவர் மனைவிக்குத் தகப்பன் வீட்டில் கொடுத்த ஒன்றரை ஏக்கர் புஞ்சையின் பத்திரம் போயிருந்தது. தை முடிவதற்குள் கட்டாவிட்டால் நிலம் சீதாராமனுக்கு. அது எண்பத்து மூன்றாம் வருஷம். அந்தப் புஞ்சையை விட்டால் அவர்களுக்கு வேறு நிலம் கிடையாது.

புதுக்கோட்டைப் பக்கம் மாடுபிடிக்கிற ஊர்களில் அண்ணனைத் தெரியாதவர்கள் குறைவு. வாடிவாசலில் அவர் நிற்கிறார் என்று மைக்கில் சொன்னாலே சில பேர் தங்கள் மாட்டை அவிழ்க்காமல் திருப்பி ஓட்டிக்கொண்டு போய்விடுவார்கள். பரிசு வாங்கிய அண்டாவும் குடமும் வீட்டில் வைக்க இடமில்லாமல் கிடந்தன. பிறகு ஒரு வருஷம் ஒரு செவலைக் காளை அவர் தொடையைக் கிழித்தது. தையல் பிரித்த பிறகும் அந்தக் கால் பழையபடி ஊன்றவில்லை. அண்டாக்கள் விலைக்குப் போயின. அதற்கப்புறம்தான் விசா.

துபாய்க்குக் கிழக்கே புஜைராவில் எங்கள் அர்பாபுக்கு, அதாவது முதலாளிக்கு, பேரீச்சந்தோட்டம். நான் தண்ணீர் பாய்ச்சுகிறவன். அண்ணனும் அந்த வேலைக்குத்தான் வந்தார். அர்பாபிடம் ஒரு காளை இருந்தது. குளிர்காலத்தில் வெள்ளிக்கிழமை சாயங்காலம் அசர் தொழுகை முடிந்ததும் அங்கே மைதானத்தில் காளைகளை மோதவிடுவார்கள். மனிதனுக்கு அதில் வேலை இல்லை. கொம்போடு கொம்பு முட்டி, எது திரும்பி ஓடுகிறதோ அது தோற்றது. காலில் கட்டிய கயிற்றைத் தூரத்தில் நின்று ஆட்கள் பிடித்திருப்பார்கள். நடுவர் கம்பைத் தூக்கும்வரை மாட்டின்மேல் கை படக் கூடாது. பட்டால் அந்த மாடு தோற்றது.

யாரையும் அண்டவிடாத அந்தக் காளை, அண்ணன் திமிலைத் தடவியதும் தலையைத் தாழ்த்திக் கொடுத்தது. அர்பாப் அதைப் பார்த்துவிட்டார். மறுநாளிலிருந்து அண்ணனுக்கு மாட்டு வேலை. பேரீச்சம்பழமும் சாளைக் கருவாடும் பிசைந்து ஊட்டுவார்.

"மீனு திங்கிற மாட்ட எங்கயாச்சும் பாத்துருக்கியா மாப்ளே? ஊர்ல போயிச் சொன்னா எனக்கு வேப்பில அடிப்பாய்ங்க."

மார்கழியில் அவர் சரியாகச் சாப்பிடவில்லை. அர்பாப் என்னவென்று கேட்டார். தெரிந்த இந்தியில் அண்ணன் நிலத்தைப் பற்றிச் சொன்னார். பக்கத்து ஊர் கல்பாவிலிருந்து ஒரு கறுப்புக் காளை வருகிறது, அதை நம் மாடு ஜெயித்தால் அந்தப் பணத்தை நானே தருகிறேன் என்றார் அர்பாப். தர வேண்டிய கட்டாயம் அவருக்கு இல்லை.

அந்த வெள்ளிக்கிழமை இரண்டு மாடும் முட்டியதும் மணல் பறந்தது. எங்கள் மாடு தள்ளத் தள்ளக் கறுப்பின் பின்னங்கால்கள் சறுக்கிக்கொண்டே போயின.

"இன்னும் ஒரு முட்டுத்தான் மாப்ளே," என்றார் அண்ணன். "புஞ்ச வந்துருச்சு."

எங்கள் மாடு கொம்பை எடுத்துக்கொண்டு பின்னால் வந்தது, ஓடிப்போய் முட்டுவதற்கு. அப்போது எங்கள் மாட்டின் கயிற்றைப் பிடித்திருந்த பலூச்சி ஷம்சாத்தின் கையில் அது அறுந்தது. மாடு ஒரு வளையம் சுற்றி எங்களுக்குக் கிட்டத்தில் வந்தது. அதுபாட்டுக்குத் திரும்பிக் கறுப்பிடம்தான் போயிருக்கும். கறுப்பு மூச்சு வாங்கிக்கொண்டு அங்கேயே நின்றது.

"அண்ணே, வேணாம்" என்று நான் சொன்னேனா, நினைத்தேனா, தெரியவில்லை. அதற்குள் அவர் திமிலில் தொங்கிக்கொண்டிருந்தார். முகம் மாட்டின் கழுத்தோடு ஒட்டிக் கிடந்தது. மாடு துள்ளியது. மறுபடி துள்ளியது. கெட்ட காலை மடக்கி, நல்ல காலால் மணலைக் கீறிக்கொண்டே போனார். அப்படி ஒரு பிடியை நான் எங்கும் பார்த்ததில்லை. மூன்றாவது துள்ளல் முடிந்ததும் விட்டு விலகி நின்று, ஊரில் செய்கிற மாதிரி வலது கையைத் தூக்கினார். மைக்கில் தன் பேரைச் சொல்வார்கள் என்று காத்திருக்கிற மாதிரி நின்றார்.

நடுவர் கம்பைத் தூக்கிக் கறுப்பைக் காட்டினார். கல்பாக்காரர்களின் கார்கள் ஹாரன் அடித்தன.

"க்யா கியா, பாய்?" என்ன செய்துவிட்டாய் என்று கேட்டுக்கொண்டே ஷம்சாத் அறுந்த கயிற்றோடு வந்தான்.

அண்ணன் தூக்கிய கையைப் பார்த்தார். மெல்லக் கீழே விட்டார்.

"நான் புடிக்கல மாப்ளே. திமிலு கிட்ட வந்துச்சு. கை போயிருச்சு."

அர்பாப் திட்டவில்லை. "கலாஸ்", முடிந்தது, என்று மட்டும் சொல்லிவிட்டு வண்டியில் ஏறினார். ஒரு ஆள் கட்டிப்பிடித்து நிறுத்திய மாட்டை மோதலுக்கு யாரும் வாங்க மாட்டார்கள். அடுத்த வாரம் அது கசாப்புக்குப் போனது. அண்ணன் திரும்பவும் என்னோடு தண்ணீர் பாய்ச்ச வந்தார்.

கேம்ப்பில் அண்ணன் கடன் கேட்காத ஆள் இல்லை. எல்லாரும் என்னைப் போலவே விசாக் கடனில் இருந்தார்கள். அர்பாபிடம் இன்னொரு தடவை கேட்டுப் பார்க்கலாமே என்றேன்.

"ஜெயிச்சாத் தாரேன்னாரு. தோக்கடிச்சது நான். எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டுப் போய்க் கேக்க?"

தை போனது. மாசியில், லீவில் ஊருக்குப் போயிருந்த கௌஸ் முகைதீன் வந்தான். அண்ணனுக்குப் பக்கத்து ஊர்க்காரன். மோட்டார் ரூம் வாசலில் உட்கார்ந்து வெகுநேரம் செருப்பில் ஒட்டியிருந்த மண்ணைத் தட்டினான்.

"சொல்லுங்க பாய்," என்றார் அண்ணன்.

"மதினி நல்லாருக்கு. புள்ளைகளும் நல்லாருக்குக." செருப்பைக் கீழே போட்டான். "மதினியே ரிஜிஸ்தர் ஆபீசுக்கு வந்து புஞ்சைய அவருக்குக் கைநாட்டு வச்சுக் குடுத்துருச்சு. இனிமே நீங்க ஒரு பைசா தரவேணாமாம். சீதாராமன் சொல்லச் சொன்னாரு."

"வட்டி?"

"வட்டியும் சேத்துத்தான்."

"அப்பக் கடன் இல்ல," என்றார் அண்ணன். மண்வெட்டியை எடுத்துக்கொண்டு போய் அடுத்த வரிசை மரங்களுக்கு மடையைத் திறந்துவிட்டார்.