பக்கத்துக் கொட்டில் சாணம்

ஓரகத்தியின் கன்றுகளைப் பார்க்கும்போதெல்லாம் மூத்தவளுக்கு வயிறு பற்றிக்கொண்டு எரியும். அண்ணன் தம்பி பாகம் பிரித்தபோது மாட்டுக்கொட்டிலின் நடுவே இடுப்புயரச் சுவர் ஒன்று எழுப்பியிருந்தார்கள். ஒரே கூரை, ஒரே தண்ணீர், ஒரே தீவனம். அப்படியிருந்தும் இந்தப் பக்கத்துக் கன்றுகள் கழிச்சல் கண்டு விலா எலும்பு தெரிய நிற்கும். அந்தப் பக்கத்துக் கன்றுகளோ எண்ணெய் தடவினாற்போலப் பளபளவென்று துள்ளும். துள்ளுவதைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். இளையவள் சுவருக்கு மேலே தலையை நீட்டி, "ஏன்க்கா, உங்க கன்னு இன்னைக்கும் எழுந்திரிக்கலையா?" என்று கரிசனமாகக் கேட்பாளே, அதைத்தான் பொறுக்க முடியாது.

எல்லாம் அவள் கைராசி என்று மூத்தவளின் வீட்டுக்காரரே சொல்லிவிட்டார். கைராசியாவது மண்ணாங்கட்டியாவது. நோய் வந்தாலும் வராவிட்டாலும் தினமும் கன்றுகளுக்கு வைக்கும் பாலில் ஒரு கரண்டி மருந்துப்பொடி கலக்கிறாள். மூத்தவள் அதைக் கண்ணாரக் கண்டிருந்தாள். தானும் வாங்கிப் போடலாம்தான். ஆனால் இளையவளைப் பார்த்துச் செய்தாள் என்று பேச்சு வருமே, அதற்கு நாண்டுகொண்டு சாகலாம்.

இப்படியிருக்கையில் மாட்டு டாக்டர் வந்தார். ஆராய்ச்சிக்குச் சாணம் வேண்டுமாம், அதுவும் நோயில்லாத கன்றுகளின் சாணம்தான் வேண்டுமாம். நேரே அந்தப் பக்கம் போய்விட்டார். பஞ்சு சுற்றிய குச்சியைக் கன்றின் பின்புறத்தில் விட்டு எடுத்து, குப்பியில் போட்டு மூடினார். இளையவள் பட்டம் வாங்கியவள் போல நின்றாள். சாணத்தில்கூட அவள் வீட்டுச் சாணம்தான் உசத்தியா என்று மூத்தவளுக்கு ஆறவே இல்லை.

அந்த ஆற்றாமையில்தான் யோசனை பிறந்தது. மெலிந்த மாட்டுக்கு, நன்றாகத் தின்னும் மாட்டின் வாயிலிருந்து அசைபோடும் இரையை எடுத்துப் புகட்டுவது அவர்கள் கைவைத்தியம். பால்குடிக் கன்றிடம் அசைக்கு எங்கே போவது? சாணம் இருக்கிறதே! டாக்டரே தேடிவந்து எடுத்துப்போகிறார் என்றால் சும்மாவா? இளையவள் சொசைட்டிக்குப் பால் ஊற்றப் போன சமயம் பார்த்து மூத்தவள் சுவரேறிக் குதித்தாள், இந்த வயதில். ஒரு கை சாணத்தை அள்ளி வந்து தண்ணீரில் கரைத்து, துணியில் வடிகட்டி, தன் கிடேரிக்கன்றின் பாலில் கலந்துவிட்டாள். அவள் கன்றுகளில் அது ஒன்றுதான் தேறி நின்றது, அதன்மேல் உயிரையே வைத்திருந்தாள். தேறியது போதவில்லை, அவளுக்கு அது பளபளக்க வேண்டும்.

சில நாளில் கிடேரி சுருண்டு படுத்துவிட்டது. காது சில்லிட்டிருந்தது, கழிச்சலில் ரத்தம் வந்தது. பதறி ஆள் அனுப்பியதில் டாக்டர் வந்தார். வந்தவர் முதலில் இளையவளைக் கூப்பிட்டு, சோதனையின் முடிவைச் சுவரோரமாகவே சொல்லிவிட்டார். அவளுடைய கன்றுகள் நன்றாகத்தான் இருக்கின்றன. ஆனால் அவற்றின் குடலில் இருக்கும் கிருமிக்கு வழக்கமான மருந்து எதுவும் கேட்காது. பொடியைப் போட்டுப் போட்டு, சாகிற கிருமியெல்லாம் செத்து, சாகாதது மட்டும் தங்கிப் பெருகிவிட்டது. அந்தக் கன்றுகளுக்குள் அது சும்மா கிடக்கும். வேறொரு நோஞ்சான் உடம்புக்குள் போனால்தான் ஆபத்து.

இளையவள் முகத்தில் ஈயாடவில்லை. மூத்தவள் எத்தனையோ நாளாகக் காத்திருந்த முகம் அது. பார்த்து அனுபவிக்கத்தான் கொடுத்துவைக்கவில்லை.

டாக்டர் கிடேரியின் பக்கத்தில் குந்தி, ஊசியில் மருந்தை ஏற்றினார். "உங்க கன்னுங்க மருந்து வாசனையே அறியாததுங்க. இதுக்குச் சாதாரண ஊசியே கேட்டுடும்."

கேட்காது. அது மூத்தவள் ஒருத்திக்குத்தான் தெரியும். வாயைத் திறந்தால் மானம் போகும், அதுவும் யார் முன்னால்! திறக்காவிட்டால் கிடேரி போகும். அது தலையைத் தூக்கப் பார்த்து, முடியாமல் அவள் காலின்மேல் சாய்த்துக்கொண்டது.

"அந்த ஊசி வேண்டாம் சார்," என்றாள். "அவ கொட்டில்ல இருந்து சாணத்தைத் திருடிக் கரைச்சு ஊத்திட்டேன்."

டாக்டர் அவளை ஏற இறங்கப் பார்த்தார். ஊசியை வைத்துவிட்டுப் பெட்டியின் அடியில் வேறொரு மருந்தைத் தேடி எடுத்தார். இது கேட்கலாம், கேட்காமலும் போகலாம் என்றார்.

மூத்தவள் சுவர்ப்பக்கம் திரும்பவில்லை. சிரித்துத் தொலைக்கட்டும் என்று பல்லைக் கடித்துக்கொண்டு நின்றாள். சிரிப்பு வரவில்லை. இளையவள் சுற்றிக்கொண்டு இந்தப் பக்கம் வந்து, கன்றின் தலையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள். கண் கலங்கியிருந்தது.

"கேட்டிருந்தா நானே ஒரு வாளி தந்திருப்பேனேக்கா," என்றாள்.

கிடேரி மெல்ல நாக்கை நீட்டி இளையவளின் கையை நக்கியது. அந்த மட்டுக்கும் உயிர் இருக்கிறதே என்று சந்தோஷப்படத்தான் வேண்டும். மூத்தவளுக்கோ மறுபடியும் வயிறு எரிந்தது.