ஒத்தவெடி ஆரின்

ஆரின் பீவியின் துப்பாக்கியில் ஒரு கோளாறும் இல்லை. அக்டோபரிலேயே அது எனக்குத் தெரியும். தெரிந்தும் வாயைத் திறக்கவில்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பிறகு மழுப்பத் தோன்றாது.

எனக்குத் துப்பாக்கி பழுது பார்க்கிற வேலை. கிழக்கு டெக்சாஸில், ஆற்றங்கரைக் காட்டை ஒட்டின சின்ன ஊர் எங்களுடையது. கடை என் புருஷன் ஆரம்பித்தது. அவன் ஒரு பல் டாக்டரம்மாவோடு போய்விட்டான்; கடை போகவில்லை. இந்தப் பக்கம் காட்டுப்பன்றிகள் வயலில் இறங்கினால் விதைச்சோளத்தைக் கூட விடாமல் நோண்டித் தின்றுவிடும். அதனால் சனிக்கிழமை காலையென்றால் ஆண்கள் வண்டியை எடுத்துக்கொண்டு பன்றி சுடப் போவார்கள். சனிக்கிழமை எந்தத் துப்பாக்கி மக்கர் பண்ணினதோ அது திங்கட்கிழமை என் மேஜைக்கு வரும்.

ஆரினும் அப்படி வந்தவன்தான். கோழி வெட்டும் ஆலையில் இயந்திரங்களைப் பார்த்துக்கொள்கிறவன். நாற்பது வயது, நெடுநெடுவென்று உயரம், பேச்சு குறைவு. கட்டியது ஹோலிஸ் ஸ்க்ராகின்ஸின் தங்கை டார்லீனை. ஹோலிஸ் தீவனக்கடைக்காரன், சனிக்கிழமைக் கூட்டத்துக்கு அவன்தான் தலை. வண்டி அவனுடையது. வயல்காரர்கள் எல்லாரும் அவனிடம் தீவனம் வாங்குகிறவர்கள். யார் வரலாம், யார் வரக்கூடாது என்பது அவன் வாயிலிருந்து வருவதுதான். கூட்டத்தில் அவனுக்கு வலதுகை லானி என்பவன். தங்கை நச்சரித்ததால் ஹோலிஸ் ஆரினைச் சேர்த்துக்கொண்டான்.

ஆரினின் துப்பாக்கி ஒரு வெடி வெடிக்கும். அடுத்த தோட்டா தானாக ஏற வேண்டும், ஏறாது. இரண்டு தோட்டாக்கள் ஒன்றாக எகிறி வந்து குழலின் வாசலில் முட்டிக்கொண்டு நிற்கும். அவன் அதைப் பிடுங்கி எடுப்பதற்குள் பன்றிகள் பக்கத்து ஊருக்கே போயிருக்கும். மூன்று வாரத்தில் அவனுக்கு 'ஒத்தவெடி' என்று பேர் விழுந்துவிட்டது. வைத்தவன் ஹோலிஸ்.

"என்னா மாப்ள, ஒன்னப் போட்டுட்டுக் களைச்சுப் போயிர்ற? என் தங்கச்சி பாவம்டா!" தீவனக்கடை வாசலில் நாலு பேர் நிற்கும்போது இதைக் கேட்பான். டார்லீன் பக்கத்தில் நின்றாலும் கேட்பான். ஆரின் சிரித்து வைப்பான்.

முதல் தடவை நான் துப்பாக்கியைப் பிரித்து, புகைக்கரியைச் சுரண்டி, காலி ஓட்டை இழுத்துப் போடுகிற கொக்கியின் ஸ்பிரிங்கை மாற்றி, கடைக்குப் பின்னால் மண்மேட்டில் சுட்டுப் பார்த்தேன். முப்பது தோட்டாவும் தடங்கலில்லாமல் போயின. அடுத்த திங்கள் திரும்ப வந்தான். வேறு கம்பெனி தோட்டா போடச் சொன்னேன். அதற்கடுத்த திங்களும் வந்தான்.

மூன்றாவது தடவைதான் அவனுடைய மேகசின்களைக் கேட்டேன். அதுவரை என்னுடையதை மாட்டிச் சுட்டுக்கொண்டிருந்தேன். என் தொழிலில் அது வெட்கக்கேடான தப்பு. மேகசின் என்பது தோட்டா அடுக்குகிற தகரப்பெட்டி. அதன் வாயில் இரண்டு பக்கமும் உதடு மாதிரி தகரம் மடங்கியிருக்கும். தோட்டாவை ஒவ்வொன்றாக விடுவது அந்த உதடுகள்தான். ஆரினின் மூன்று மேகசினிலும் இடது உதடு மயிரிழை அளவு வெளியே நெளிந்திருந்தது. விளக்கடியில் சாய்த்துப் பிடித்தால் குறட்டின் பல் பதிந்த தடம் தெரிந்தது. முதல் வெடியின் உதையிலேயே அடுத்த இரண்டும் நழுவிவிடும்.

யாரோ வேண்டுமென்றே செய்தது. யார் என்று மண்டையைப் பிய்த்துக்கொள்ளத் தேவையில்லை.

அன்று மத்தியானம் ஹோலிஸ் வந்தபோது மேகசினை அவன் முன்னால் வைத்தேன். பார்த்தான். வயிறு குலுங்கச் சிரித்தான்.

"கண்டுபிடிச்சிட்டியா! மேகசின் பைய வண்டியில பின்னாடி போட்டுட்டு அவன் முன்னாடி ஏறி ஒக்காந்துக்குவான். லானி குறடு எடுத்துத் தருவான். அர நிமிஷ வேல."

"அவன் ஒனக்கு என்ன பண்ணுனான் ஹோலிஸ்?"

"ஒன்னும் பண்ணல. துப்பாக்கியப் போட்டு உலுக்கிட்டு நிப்பான் பாரு, அந்த மூஞ்சியப் பாத்திருக்கியா நீ? டிக்கெட் போட்டுக் காட்டலாம்." மேஜைமேல் சாய்ந்தான். "நீ சொல்லித் தொலச்சிராத நெல்டா. ஒதட்ட நிமித்திக் குடு. நீ லூசாப் புடிக்கிற, அதான் சிக்குதுன்னு சொல்லு. நீ சொன்னா நம்புவான்."

ஹோலிஸோடு பன்றிக்குப் போகிற பத்துப் பதினைந்து பேரும் என் கடைக்குத்தான் வருகிறார்கள், அவனைப் பகைத்துக்கொள்ள முடியுமா என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். ஆனால் அவன் சிரித்தபோது எனக்கும் சிரிப்பு வந்தது.

மறுநாள் ஆரினிடம் சொன்னேன்: "நீ லூசாப் புடிக்கிற தம்பி. தோள்ல நல்லா அழுத்தி இறுக்கிப் புடி. பிடி தளந்தா அடுத்த தோட்டாவத் தள்ள அதுக்குத் தெம்பு வராது."

சட்டைப்பையிலிருந்து ஒரு சின்ன நோட்டை எடுத்து அதை அப்படியே எழுதிக்கொண்டான்.

"எவ்வளவு இறுக்கணும்க்கா?"

"வலிக்கிற வரைக்கும்."

இரண்டு வாரம் கழித்து சர்ச் முடிந்து வெளியே வரும்போது டார்லீன் என் கையைப் பிடித்துக்கொண்டாள். "அக்கா, அவரு தோளு கத்திரிக்கா கலருக்கு ஆயிருச்சு. தினம் வேல விட்டு வந்து, கொல்லையில நின்னு வெறுந்துப்பாக்கிய இறுக்கி இறுக்கிப் பழகுறாரு. வேற வழியே இல்லியா?"

"பழகப் பழகச் சரியாயிரும்" என்றேன். அவளுக்குப் பின்னால் ஹோலிஸ் பாட்டுப் புத்தகத்தால் முகத்தை மறைத்துக்கொண்டு குலுங்கிக்கொண்டிருந்தான்.

கிறிஸ்துமஸ் விருந்தில், ஐம்பது பேர் பார்க்க, ஹோலிஸ் அவனுக்கு ஒரு பரிசுப் பெட்டி கொடுத்தான். உள்ளே தக்கை சுடுகிற பொம்மைத் துப்பாக்கி. "இதுவும் ஒன்னுதான் சுடும் மாப்ள. ஆனா சிக்காது!" எல்லாரும் சுடு சுடு என்று கத்தினார்கள். ஆரின் சுட்டான். தக்கை போய் உருளைக்கிழங்குப் பாத்திரத்தில் விழுந்தது. கைதட்டினார்கள். நானும் தட்டினேன். டார்லீன் எழுந்து, இன்னும் யாரும் சாப்பிட்டு முடிக்காத தட்டுகளை எடுத்துக்கொண்டு கழுவப் போய்விட்டாள்.

ஜனவரியில் ஒரு நாள் ஆரின் தனியாகக் கடைக்கு வந்தான். துப்பாக்கி கொண்டுவரவில்லை. நோட்டிலிருந்து கிழித்த ஒரு தாளை மேஜையில் வைத்தான்.

"ஆலையில ஒரு மிஷின் நின்னா, ஒரு நேரத்துல ஒன்ன மட்டும்தான் மாத்திப் பாப்போம்க்கா. தோட்டாவ மாத்துனேன். எண்ணெய மாத்துனேன். பிடிய மாத்துனேன். ஒன்னும் ஆகல. கடைசியா வெர்னியர் அளவுகோல வச்சு மேகசின் ஒதட்ட அளந்தேன். வெள்ளிக்கெழம வீட்டுல நானே நிமித்தி வச்சு அளந்தது இது. சனிக்கெழம வண்டிய விட்டு எறங்குனதும் அளந்தது இது. நாலு வாரமா இப்படித்தான். வீட்டுல நேரா இருக்குது, வண்டியில வளையுது."

நான் தாளை எடுத்து விளக்கடியில் பிடித்தேன்.

"ஒங்களுக்குத் தெரியுமாக்கா?"

"தெரியும்."

"எப்பலேர்ந்து?"

"அக்டோபர்லேர்ந்து."

அவன் கை தானாகப் போய்த் தோளைத் தடவியது. கத்துவான் என்று நினைத்தேன். கத்தியிருந்தால் எனக்கு நன்றாயிருந்திருக்கும். அவன் தாளை மடித்து வைத்துக்கொண்டு புது மேகசின் ஒன்று கேட்டான். எடுத்துக் கொடுத்தேன்.

"இது பையில போகாது. கோட்டுக்குள்ள இருக்கும்" என்றான். "அவங்ககிட்ட சொல்லிராதீங்க. சொல்லாம இருக்கத்தான் ஒங்களுக்கு நல்லா வருமே."

அந்த வாரமே ஹோலிஸ் என்னையும் கூப்பிட்டான். "எத்தன நாளுதான் கேட்டுக்கிட்டே இருப்ப? வந்து கண்ணால பாரு." போனேன். இன்றைக்கு ஆரின் வரிசையாகச் சுட்டுத் தள்ளப்போகிறான், ஹோலிஸின் வாய் கோணப்போகிறது, அதைப் பார்க்க வேண்டும் என்று ஆசை.

வெயில் ஏறியும் புல்லில் உறைபனி போகவில்லை. அறுத்த சோளவயலின் கோடியில் ஒரு வாய்க்கால், அதைத் தாண்டிப் புதர். நான் வண்டியின் பின்தட்டில் காப்பியோடு உட்கார்ந்திருந்தேன். என் துப்பாக்கி உறைக்குள் இருந்தது. புதரிலிருந்து பத்துப் பன்னிரண்டு பன்றிகள் வெளியே வந்தன. ஹோலிஸ், லானி, ஆரின் மூன்று பேரும் சுட்டார்கள். ஆரின் ஒன்று சுட்டான், நிறுத்தினான், துப்பாக்கியை உலுக்கினான்.

"ஒத்தவெடி! போச்சுடா!" ஹோலிஸ் சுட்டுக்கொண்டே ஊளையிட்டான்.

எனக்குப் புரியவில்லை. நான் விற்ற மேகசினைத்தான் அவன் கோட்டிலிருந்து எடுத்து மாட்டினான். நானே பார்த்தேன்.

மூன்று பன்றிகள் விழுந்தன. லானி வயலின் அந்தக் கோடிக்கு அவற்றைப் பார்க்கப் போனான். ஒரு பெரிய ஆண் பன்றி வயிற்றில் அடிபட்டு வாய்க்காலோரப் புதருக்குள் புகுந்திருந்தது. ஹோலிஸ் காலி மேகசினைக் கழற்றிக்கொண்டே அதன் பின்னால் நடந்தான். புதிதை இன்னும் மாட்டவில்லை. பன்றி வந்தது. அவன் பின்வாங்கினான், வாய்க்கால் சேற்றில் கால் வழுக்கியது, மல்லாந்தான். துப்பாக்கி எங்கோ போய் விழுந்தது.

ஆரின் இருபது அடி தள்ளி நின்றான். நடுவில் ஒரு செடி இல்லை.

"சுடு மாப்ள! சுடுடா!"

ஆரின் துப்பாக்கியைத் தோளுக்குக் கொண்டுபோனான். குறி பார்த்தான். பிறகு இறக்கினான்.

"சிக்கிருச்சு மச்சான்" என்றான்.

மேகசினின் அடியைத் தட்டினான். தோட்டா ஏற்றுகிற கைப்பிடியைப் பின்னால் இழுத்துவிட்டான். தோட்டா ஒன்று புல்லில் விழுந்தது. உள்ளே எட்டிப் பார்த்தான். மறுபடி தட்டினான், இழுத்தான், பார்த்தான். சிக்கினால் என்ன செய்ய வேண்டும் என்று நான் சொல்லிக்கொடுத்த வரிசை அது. ஒன்றையும் விடாமல், அவசரப்படாமல் செய்தான். அங்கே பன்றி ஹோலிஸின் காலைக் கீழிருந்து மேலே கிழித்துக்கொண்டிருந்தது. மனிதக் குரலே இல்லை அது, அவன் போட்ட சத்தம்.

"இருங்க மச்சான், சிக்கிருச்சு" என்றான் ஆரின். சத்தமாகக்கூடச் சொல்லவில்லை.

நான் உறையின் ஜிப்பைத் திறக்கத் திறக்க அது துணியில் மாட்டிக்கொண்டது. லானி வயல் முழுக்க ஓடிவந்து மூன்று வெடி போட்ட பிறகுதான் பன்றி சாய்ந்தது.

அப்புறம் ஆரின் ஓடினான். தன் பெல்ட்டைக் கழற்றி ஹோலிஸின் தொடையில் இறுக்கிக் கட்டினான். அந்தக் கட்டு இல்லாவிட்டால் வழியிலேயே போயிருப்பான் என்று பிறகு டாக்டர் சொன்னார். ஆரினும் லானியும் அவனைத் தூக்கி வண்டியில் போடுகிறபோது நான் புல்லில் கிடந்த தோட்டாக்களைப் பொறுக்கினேன். நான்கு. சிக்கின தோட்டாவென்றால் மூக்கு நசுங்கியிருக்கும், பித்தளையில் கீறல் விழுந்திருக்கும். இவை அப்போதுதான் பெட்டியைப் பிரித்து எடுத்த மாதிரி இருந்தன. நிமிர்ந்தேன். ஆரின் என்னைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

புண் அழுகி, ஒன்பதாம் நாள் ஹோலிஸின் காலை முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். நான் பார்க்கப் போனபோது கதவைச் சாத்தச் சொன்னான். முகம் சுருங்கி, பத்து வயது கூடிப்போயிருந்தது.

"அன்னிக்குக் காலையிலயும் நெளிச்சேன் நெல்டா. என் கையாலயே. பையில இருந்த எல்லாத்தயும்." மூச்சு வாங்கினான். "நீ அந்த மேகசினப் பாத்தியா? அதனாலதான் சிக்குச்சா?"

இல்லை என்று சொன்னால், தங்கை புருஷன் நின்று வேடிக்கை பார்த்தான் என்பது அவனுக்குத் தெரிந்துவிடும். லானியும் மற்றவர்களும் ஆரினை உயிரோடு விடுவார்களா என்பது சந்தேகம். ஆமாம் என்றால், தன் காலைத் தானே வெட்டிக்கொண்டவனாக மிச்ச நாளை அவன் ஓட்ட வேண்டும்.

"ஆமா ஹோலிஸ். நெளிஞ்சிருந்துச்சு."

அவன் முகம் அப்படியே உடைந்தது. போர்வையைக் கடித்துக்கொண்டு அழுதான். ஆரினைக் காப்பாற்றத்தான் அப்படிச் சொன்னேன் என்று யாராவது கேட்டால் சொல்வேன். ஆனால் அவன் அழுது முடிக்கும்வரை நான் கண்ணை எடுக்கவில்லை.

ஹோலிஸ் தனிக்கட்டை. ஆஸ்பத்திரியிலிருந்து டார்லீன் வீட்டுக்குத்தான் கொண்டுபோனார்கள். மார்ச்சில் போய்ப் பார்த்தேன். டார்லீன் அண்ணனின் தீவனக்கடையில் இருந்தாள். ஆரின் தரையில் உட்கார்ந்து, வெட்டுப்பட்ட காலின் கட்டைப் பிரித்து வெந்நீரில் துடைத்துக்கொண்டிருந்தான்.

"பாத்தியா நெல்டா" என்றான் ஹோலிஸ். கண் கலங்கியிருந்தது. "நான் இவனுக்குப் பண்ணுன அக்கிரமத்துக்கு இவன் எனக்குச் சீழ் தொடைக்கிறான். எப்பேர்ப்பட்ட மனுஷன்!"

"பழசப் பேசாதீங்க மச்சான். நீங்க வெளையாட்டுக்குத்தான செஞ்சீங்க? கால் போகும்னு தெரிஞ்சா குறட்டத் தொட்டிருப்பீங்க?" துணியைப் பிழிந்துகொண்டே ஆரின் இதமாகத்தான் சொன்னான். ஹோலிஸ் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டான். தோள் குலுங்கியது.

ஆரின் தினமும் ஒரு தடவையாவது இதைச் சொல்வானாம். டார்லீன் பிறகு சொன்னாள். ஹோலிஸ் டிவி பார்த்துக்கொண்டு நன்றாகத்தான் இருப்பானாம். ஆரின் பக்கத்தில் போய் உட்கார்ந்து, மனசுல வச்சுக்காதீங்க மச்சான் என்பானாம். அந்த வேளை ஹோலிஸ் சாப்பிடமாட்டானாம்.

ஆரின் என்னை வழியனுப்ப வண்டிவரை வந்தான்.

"போதும் ஆரின்" என்றேன். "அவன்கிட்ட உண்மையச் சொல்லிரு. இல்லன்னா நான் சொல்றேன்."

"சொல்லுங்களேன்." வண்டிக் கதவை எனக்காகத் திறந்து பிடித்தான். "லானியையும் கூப்புட்டு வச்சுட்டுச் சொல்லுங்க. ஆனா அக்டோபர்லேர்ந்து ஆரம்பிச்சு வரிசையாச் சொல்லணும். ஆஸ்பத்திரியில அவரு கேட்டதுக்கு என்ன பதில் சொன்னீங்கங்கறதையும் விடாம."

நான் வண்டியை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

இப்போது சனிக்கிழமை ஹோலிஸின் வண்டியை ஓட்டுவது ஆரின். சாவியைத் தன் கையாலேயே கொடுத்தது ஹோலிஸ்தான். லானி பின்னால் உட்கார்ந்து போகிறான். யார் வரலாம், யார் வரக்கூடாது என்பதை ஆரின் சொல்கிறான். ஐந்து பன்றிக்குக் குறைந்து அவன் வீடு திரும்புவதில்லை என்று பேச்சு. அவர்கள் வரும்வரை ஹோலிஸ் ஊன்றுகோலோடு வாசற்படியில் உட்கார்ந்திருக்கிறான்; மதியத்துக்கு மேல் ஆனாலும் உள்ளே போய்ச் சாப்பிடுவதில்லை என்கிறாள் டார்லீன். ஆரின் என் கடைக்கு வருவதில்லை. அவன் துப்பாக்கியை அவனே பார்த்துக்கொள்கிறான்.