நடுவெளி மடத்துச் சாடி

ஞாயிற்றுக்கிழமை விடிந்தால் இணுவிலில் சேவலுக்கு முதல் கூவுவது பஞ்சலிங்கத்தாரின் லொறிதான். மினுக்கிய வேட்டியும் நெற்றி நிறையத் திருநீறுமாக முன்னால் ஏறியிருந்து, வேலி வேலியாக ஆள் கூப்பிடுவார்.

"தம்பிஐயா அண்ணை, சுறுக்கா வாங்கோ! நடுவெளி மடத்துக் காத்து உங்களைப் பாத்துக்கொண்டு நிக்காது!"

சந்நிதி முருகனிடம் கால்நடையாகப் போகிறவர்கள் இளைப்பாறக் கட்டிய மடம் அது. தொண்டைமானாற்றுக்கு இப்பால், உப்பு வெளியின் நடுவே ஒற்றைப் பூவரசோடு நிற்கும். சுற்றிலும் எங்கே தோண்டினாலும் உப்புத் தண்ணீர். ஆனாலும் உள்ளே இருக்கும் பெரிய மண் சாடியில் நல்ல தண்ணீர் வற்றியதே இல்லை. அது மடத்தின் மகிமை என்று பஞ்சலிங்கத்தார் ஊரெல்லாம் சொன்னார். சொல்லச் சொல்ல ஆட்கள் கூடினார்கள். முதலில் ஒரு கார் போனது, பிறகு லொறி, அதைப் பார்த்து அயலூர் லொறிகளும். போனவர்கள் சீட்டாடினார்கள், சாடித் தண்ணீரில் கால் கழுவினார்கள், கரியால் சுவரில் பேர் எழுதினார்கள். முதல் பேர் யாருடையது என்று கேட்க வேண்டாம். அவ்வளவு பெரிய 'ப' வேறு யாருக்கு வரும்?

மகிமை ஒன்றுமில்லை. வெளிக்குள் இறங்கும் இடத்தில் ஒரு தோட்டக் கிணறு உண்டு. நடந்து வருகிறவர்கள் அங்கே ஆளுக்கொரு செம்பு அள்ளுவார்கள். வழியில் வாயில் வைக்காமல் கொண்டுவந்து சாடியில் ஊற்றிவிட்டு, பிறகுதான் சாடியில் அள்ளிக் குடிப்பார்கள். கொண்டுவந்தது பின்னால் வருகிறவருக்கு; குடிப்பது முன்னால் வந்தவர் தந்தது. லொறியோ அந்தக் கிணற்றைப் புழுதியால் மூடிவிட்டுப் பறக்கும். அதில் இருந்தவருக்கு இது எங்கே தெரியப்போகிறது?

ஆவணித் திருவிழா வந்தது. மகள் குணலட்சுமி நெருப்புக்காய்ச்சலில் தப்பியதற்காக, சந்நிதிக்கு நடந்து வருவதாக மனைவி பராசக்தி நேர்ந்திருந்தாள்.

"லொறி நிக்க உதென்ன விசர்?" என்றார் பஞ்சலிங்கத்தார்.

"நேத்தி வைச்சது என்ரை காலுக்கு, உங்கடை ரயருக்கு இல்லை. மடத்துச் சாடியிலை மட்டும் கை வையாதேங்கோ. அதை நம்பித்தான் நானும் அக்காவும் வாறம்."

"அது வத்தாத சாடியப்பா!"

அன்று பஞ்சலிங்கத்தாரின் லொறிக்கு முந்தியே இரண்டு லொறிகள் மடத்துக்கு வந்துவிட்டிருந்தன. சாடியில் கால்வாசிதான் கிடந்தது. பஞ்சலிங்கத்தாரின் ஆட்கள் முகம் கழுவ அதில் பாதி போனது. மிச்சத்தைக் கொதித்துப்போன என்ஜினுக்குள் சாரதி அடைக்கலநாதன் கவிழ்த்தான். எங்கோ குழாய் வெடித்திருந்தது. ஊற்றியதெல்லாம் அடியால் ஒழுகி உப்பு மண்ணுக்குள் இறங்கியது.

உச்சி வெயிலில் பெண்கள் வந்து சேர்ந்தார்கள். பராசக்தியின் தமக்கை நல்லம்மா படியில் கால் வைத்ததும் சரிந்து விழுந்தாள். அவளுடைய செம்பு உருண்டு தண்ணீர் கொட்டுண்டது. பஞ்சலிங்கத்தார் பாய்ந்து போய்ச் சாடிக்குள் சிரட்டையை விட்டார். சிரட்டை அடியில் கறகறவென்று உரசியது.

பராசக்தி தன் செம்பைத் தமக்கையின் வாயில் சரித்தாள். நல்லம்மா கண் திறந்தபோது செம்பும் வெறுமை.

நேரம் காலம் தெரியாத அடைக்கலநாதன் தலையைச் சொறிந்தான். "அக்கா, ஒரு சொட்டு மிச்சம் இருந்தால் என்ஜினுக்கு…"

"இவ்வளவு நாளும் உங்கடை மோட்டர், நடந்து வந்த சனம் தோட்டக் கிணத்திலை அள்ளிக்கொண்டு வந்த செம்பிலைதான் ஓடியிருக்கு" என்றாள் பராசக்தி. பிறகு புருசனைப் பார்த்தாள். "இஞ்சாருங்கோ, பின்னாலை காவடி எடுத்த ஆக்கள் வருகினம். அவையின்ரை கையிலை காவடி இருக்கு, செம்பில்லை. என்னத்தைக் குடுக்கப்போறியள்? உங்கடை மடத்து மகிமையையோ?"

பஞ்சலிங்கத்தார் வெளியைப் பார்த்தார். கானல் நடுவே மயிற்பீலிகள் அசைந்து வந்தன. அன்றைக்குத்தான் அந்த வேட்டி முழங்காலுக்கு மேலே ஏறியதை ஊர் கண்டது. பொங்கலுக்குக் கொண்டுவந்த கிடாரத்தைத் தூக்கித் தம்பிஐயாவின் கையில் ஒரு பக்கத்தைக் கொடுத்தார்.

"நடக்கவோ? இந்த வெயிலுக்கையோ?" என்றார் தம்பிஐயா.

"ஓம். பொம்பிளையள் நடந்த வெயில்தானே."

தோட்டக் கிணற்றுக்குப் போகும்போது மணல் சுட்டது. வரும்போது கிடாரம் தோளைப் பிய்த்தது. நாக்கு அண்ணத்தில் ஒட்ட, தண்ணீர் காதடியில் தளதளத்தது. பாதி வழியில் தம்பிஐயா ஒரு கை அள்ளப்போனார்.

"வையுங்கோ அண்ணை. இது எங்கடை தண்ணி இல்லை."

ஆடி ஆடி மெதுவாக வந்த காவடிக்காரர் படியேறவும் சாடிக்குள் தண்ணீர் விழவும் சரியாக இருந்தது. எல்லாரும் குடித்த பிறகே பஞ்சலிங்கத்தார் சிரட்டையைத் தொட்டார். அப்போதும் அடைக்கலநாதன் விடவில்லை. "அண்ணை, குழாயைக் கட்டியாச்சு. என்ஜினுக்கு?"

"அதுக்கு இன்னொருக்கால் போவம். இந்த முறை நீ தூக்கு."

மறு ஞாயிறும் லொறி கூவியது. ஆனால் தோட்டக் கிணற்றடியில் நின்றது. உள்ளே ஒரு பீப்பாயும் சுண்ணாம்பு வாளியும் இருந்தன. வாளி அந்தப் பெரிய 'ப'வுக்கு. கிணற்றுக் கட்டில் ஏறி நின்று பஞ்சலிங்கத்தார் சத்தமாகச் சொன்னார்:

"கேளுங்கோ! சனம் கூடினதாலை மடம் வத்தேல்லை. வெறுங்கையோடை வந்த எங்களாலைதான் வத்தினது. பொது இடத்திலை எடுக்கிறவன் முதல் வைக்கவேணும்; இல்லாட்டி அவன் குடிக்கிறது பின்னாலை வாறவன்ரை உயிரை. செம்பு கொண்டு வராத ஆக்கள் இறங்குங்கோ!"

முதலில் இறங்கியவர் தம்பிஐயா. ஒரு செம்புக்காக அவர் இணுவில் வரை திரும்பி நடந்தார்.