பன்னுவின் கால்கள்

குளிப்பாட்டுவதற்காக அவள் கால்சட்டையை உருவியபோது சரசரவென்று சத்தம் கேட்டது. பிள்ளையின் இரண்டு கால்களிலும் முழங்காலிலிருந்து கணுக்கால்வரை, ஒரு சுருக்கம்கூட இல்லாமல், பிளாஸ்டிக் தாள் இறுக்கிச் சுற்றியிருந்தது. உள்ளே களிம்பு வெள்ளையாக அப்பியிருந்தது. இவ்வளவு நேர்த்தியாகச் சுற்ற அந்த வீட்டில் அவள் புருஷனால்தான் முடியும். இறைச்சிக் கடையில் நாள் முழுக்க அவனுக்கு அதுதான் வேலை.

"என்னய்யா இது? புள்ளையா, கறியா?"

அவன் பல் துலக்கியபடியே வந்தான். "கத்தாத. என் கை வெடிச்சுக் கெடந்தப்ப டாக்டர்தானே இதே மருந்தப் போட்டு மேல தாள் சுத்தச் சொன்னாரு? சரியாச்சுல்ல? நீ சாயங்கால வேலைக்குப் போனதும் சுத்திவிடுவேன், காலைல நீ எழுந்திரிக்கறதுக்குள்ள எடுத்துருவேன். இன்னிக்கு அசந்துட்டேன்."

"எத்தன நாளா?"

"பல்லு மொளச்சதுலேர்ந்து."

கரப்பான் வந்து, ரத்தம் வரச் சொறிந்து சொறிந்து அழுத பிள்ளை அதற்கப்புறம்தான் தூங்கத் தொடங்கியிருந்தது. கன்னம் இரண்டும் உப்பி, பார்த்தவர்களெல்லாம் "பன்னு, பன்னு" என்று கிள்ளிவிட்டுப் போனார்கள். எல்லாம் தன் பால்தான் என்று அவளுக்குப் பெருமை வேறு. இப்போது தாளைப் பிரித்தால், தோல் மெலிந்து நரம்பு நரம்பாகத் தெரிந்தது.

"அட பாவி மனுசா, உன் கைத்தோலும் இவன் தோலும் ஒண்ணா?" வீட்டில் வைத்தால் மறுபடி போடுவான் என்று களிம்பைக் கொண்டுபோய்க் குப்பை வண்டியிலேயே வீசினாள்.

அந்த வாரமே பிள்ளை துவண்டுபோனது. முதலில் பால் குடிக்கவில்லை, பிறகு வாந்தி, பிறகு கூப்பிட்டால் கண் திறக்கவில்லை. ஆஸ்பத்திரியில் ஊசி போட்டு, மருந்து ஏறிக் கொஞ்சம் சிணுங்கிய பிறகுதான் டாக்டரம்மா பேசினார். குரலில் கோபமே இல்லை. அதுதான் தாங்க முடியவில்லை.

"அது ஸ்டீராய்டு களிம்பு. குழந்த தோல் மெல்லிசு. தாள் போட்டு மூடினா மருந்து பலமடங்கு உள்ள போகும். கன்னம் உப்புனதும் அதுலதான். ஸ்டீராய்டு வெளியேர்ந்தே வந்ததால உடம்பு தானாச் சுரக்கறத விட்டுடுச்சு. அப்ப போய் டக்னு நிறுத்தினா உயிருக்கே ஆபத்து. கொஞ்சங்கொஞ்சமாத்தான் கொறைக்கணும். யாரு நிறுத்தினது?"

அவள் பிள்ளையின் போர்வையை இழுத்துவிட்டாள்.

"நான்தாங்க," என்றான் அவன். "சுத்துனதும் நான், நிறுத்துனதும் நான்."

அவனை அறையவேண்டும் போலவும் அவன்மேல் விழுந்து அழவேண்டும் போலவும் இருந்தது அவளுக்கு. இரண்டையும் செய்யாமல் கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

சாயங்காலம் நர்ஸ் வேறொரு களிம்போடு வந்தார். வீரியம் குறைந்தது, தோலுக்கு இன்னும் வேண்டியிருக்கிறது என்றார். தன் ஆள்காட்டி விரலில், நுனியிலிருந்து முதல் மடிப்புவரை ஒரு கோடு பிதுக்கிக் காட்டினார். "ஒரு காலுக்கு இவ்வளவுதான். தடவிட்டு அப்படியே தெறந்து விட்டுடணும். தாள் கீள் ஒண்ணும் கூடாது. போட்டுக் காட்டுங்க பாப்போம். யாரு போடப்போறீங்க?"

பிள்ளை அரைத்தூக்கத்தில் ஒரு காலை இன்னொரு காலில் தேய்த்துக்கொண்டிருந்தது. தேய்த்த இடம் சிவந்துகொண்டு வந்தது.

அவன் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டான். அவளும் கம்பியிலிருந்து கையை எடுக்கவில்லை. நர்ஸ் விரலை நீட்டியபடியே நின்றார்.