நாடா ஓட எந்த பாஷை?

சங்கரன்கோவில் தேரடிக்குப் பக்கத்து மாடியில் இருந்த டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட்டின் பலகையில் ‘மற்றும் கம்ப்யூட்டர் கல்லூரி’ என்ற சொற்கள் ஏறி மூன்று வருஷமாகிறது. சொற்கள்தான் ஏறின, கம்ப்யூட்டர் ஏறவில்லை. உரிமையாளர் சங்கரபாண்டியன் அதை ஒரு குறையாகவே நினைக்கவில்லை. பலகை மாட்டிய திங்கட்கிழமை முதல் அவர் பிரின்ஸ்பால். இருபது வருஷமாக டைப் சொல்லிக்கொடுத்துவந்த ஜீவரத்தினம், அதே திங்கட்கிழமை முதல் கம்ப்யூட்டர் மாஸ்டர்.

பாடம் கரும்பலகையில் நடந்தது. மாணவர்கள் நோட்டில் புரோகிராம் எழுதுவார்கள். மாஸ்டர் அடி ஸ்கேலை வரிவரியாக நகர்த்தி வாசித்து, மிஷின் என்ன பதில் சொல்லுமோ அதைத் தாமே சொல்லி, சிவப்பு மையில் ‘ஓடும்’ என்று எழுதுவார். இருநூறுக்கு மேல் இப்படி ஓடியாகிவிட்டது. சாயங்காலமானால் அத்தனையும் தன் முதுகில்தான் ஓடுகின்றன என்று அவருக்குத் தோன்றும். ஆசை ஒன்றே ஒன்றுதான் மிச்சம். ரிட்டயர் ஆவதற்குள், தான் ‘ஓடும்’ என்று எழுதியதில் ஒன்றாவது நிஜ மிஷினில் ஓடுவதைக் கண்ணால் பார்த்துவிட வேண்டும்.

எண்பத்தாறாம் வருஷம் ஆனி மாதம் மைதீன் பாட்சா படியேறி வந்தார். துபாய்த் துணிக்கடையில் எட்டு வருஷம் நின்றுவிட்டுக் கடையநல்லூருக்குத் திரும்பியவர். வீட்டில் நாலு தறி. கொண்டுவந்த சாமான்களில் டி.வி.யில் மாட்டி ஓட்டுகிற சின்னக் கம்ப்யூட்டர் ஒன்றும் இருந்தது.

“கேசட்டுல வார விளையாட்டெல்லாம் ராக்கெட்டும் சண்டையுமா இருக்கு சார். எனக்கு எங்க தறி மாதிரி ஒண்ணு செய்யணும். தறியில குறுக்கு நூலை இழுத்துக்கிட்டு ஓடுமே, அந்த நாடா இந்தப் பக்கமிருந்து அந்தப் பக்கம் ஓடணும், நூல் அறுந்தா ஆட்டம் முடிஞ்சுது. அதுக்கு எந்த பாஷை படிக்கணும்?”

பிரின்ஸ்பால் கண்களை மூடித் திறந்தார். “விளையாட்டுன்னா சும்மா இல்ல பாய். முதல்ல ஆறு மாசம் ஃப்ளோசார்ட். அப்புறம் கோபோல் ஒரு வருஷம். அதுக்குப் பிறகு ஃபோர்ட்ரான். அமெரிக்காக்காரன் ராக்கெட்டே அதுலதான் விடுதான்.”

“ராக்கெட்டு வேண்டாம்னுதானே வந்தேன். மிஷினோட வந்த புஸ்தகத்துல பேசிக்னு போட்டிருக்கே?”

“அது ஆரம்பக்காரங்களுக்கு உள்ளது.”

“நான் ஆரம்பக்காரன்தானே சார்?”

“வெளிய சொல்லிராதீங்க.”

மூலையில் ரிப்பன் மாற்றிக்கொண்டிருந்த ஜீவரத்தினத்துக்கு மிஷின் என்ற சொல்லுக்குப் பிறகு எதுவும் காதில் ஏறவில்லை. “பாய், அதை ஒருநாள் இங்கன கொண்டார முடியுமா?” என்று கேட்டேவிட்டார். பிரின்ஸ்பாலின் மனதில் அதற்குள் மேடையும் மைக்கும் வந்து இறங்கிவிட்டன.

அடுத்த சனிக்கிழமை திறப்பு விழா. மேலநீலிதநல்லூரிலிருந்து ஓய்வுபெற்ற தாசில்தார் ஒருவர் தலைமை. மிஷின் ஒரு நோட்டுப் புத்தகம் அளவுதான் இருந்தது. அதை மாட்டப் பிரின்ஸ்பால் வீட்டு டி.வி.யைத் தூக்கி வந்திருந்தார்கள். விழாவுக்கு இது காணாதென்று, அந்த டி.வி. வந்த காலி அட்டைப்பெட்டியையும் பக்கத்தில் நிறுத்தி அதற்கும் மாலை போட்டார்கள். டி.வி.க்குச் சந்தனம் வைத்தாயிற்று. ரப்பர் கீகளை நோக்கிப் போன குங்குமக் கையை மட்டும் மாஸ்டர் பிடித்துக்கொண்டார்.

“நமது மாஸ்டர் இப்போது நிமிஷத்துக்கு அறுபது வார்த்தை வேகத்தில் புரோகிராம் அடித்துக் காட்டுவார்!” என்று பிரின்ஸ்பால் மைக்கில் அறிவித்தார்.

ஜீவரத்தினம் நிமிர்ந்து உட்கார்ந்தார். கீயைப் பார்த்து அடிப்பவன் டைப்பிஸ்டே இல்லை என்று இருபது வருஷமாகச் சொல்லிவந்தவர். எதிர்ச்சுவர் காலண்டரைப் பார்த்தபடி பத்து விரலையும் ஓடவிட்டார்.

திரையில் வந்தது: பத்து, பிரிண்ட் ரிண்ட்.

அந்த மிஷினில் வரியின் தொடக்கத்தில் ஒரு எழுத்தைத் தொட்டாலே முழுச் சொல்லும் விழுந்துவிடும். விரல்களுக்கு அது தெரியாது. முதல் எழுத்தில் முழுச் சொல் வந்து நிற்க, மிச்ச எழுத்துகள் வாலாகத் தொங்கின. மிஷின் டொர்ரென்று சத்தம் போட்டு மறுத்தது. அவர் இன்னும் வேகமாக அடித்தார். வால் இன்னும் நீண்டது.

“இது என்ன பாஷை?” என்று தாசில்தார் கேட்டார்.

“கோபோல் சார்” என்றார் பிரின்ஸ்பால், இமைக்காமல்.

கைதட்டல் அடங்கவே கொஞ்ச நேரமாயிற்று.

எல்லோரும் வடை காப்பிக்குக் கீழே இறங்கினார்கள். மைதீன் பாட்சா மட்டும் நின்றார். “எம் மவ ஒத்தை விரலால பாத்துப் பாத்துத்தான் குத்துவா மாஸ்டர். அவளுக்கு வருது.”

ஜீவரத்தினம் கண்ணாடியை ஏற்றிவிட்டுக் குனிந்தார். ஒரே விரல். ஒவ்வொரு கீயாகத் தேடினார். நாலு வரி அடிக்க இருபது நிமிஷமாயிற்று. நாலாவது வரியைக் கொடுத்து ஓடச் சொன்னதும், திரையின் இடது ஓரத்தில் ஒரு வட்டம் முளைத்து, ஓடி, வலது ஓரத்தில் முட்டியது. மறுபடி இடப்பக்கம் முளைத்தது, மறுபடி ஓடியது. யாரும் வாசித்துச் சொல்லாமல், தானாக.

ஜீவரத்தினம் ஸ்டூலைத் திரைக்கு இன்னும் பக்கத்தில் இழுத்துப் போட்டுக்கொண்டார்.

“நாடா! ஆனா திரும்பி வரமாட்டேங்கே மாஸ்டர்?”

“அதுக்கு இன்னும் மூணு வரி வேணும்.”

பஸ் ஹார்ன் கேட்டது. மைதீன் பாட்சா வயரைப் பிடித்தார்.

“இதை எங்கன எடுத்து வைக்கது?” என்று கேட்டார் ஜீவரத்தினம்.

“கேசட்டுலதான் வைக்கணும், இல்லன்னா அணைச்சதும் அழிஞ்சிரும். கொண்டாரலையே.”

மாஸ்டர் ஒரு தடவை, இன்னொரு தடவை வட்டம் ஓடி முடியும்வரை பார்த்தார். பிறகு தாமே சுவிட்சை அணைத்தார். அழைப்பிதழ் ஒன்றின் பின்பக்கம் ஏழு வரியையும் எழுதி நீட்டினார்.

“பாஷை, மாஸ்டர்?”

“இதுதான் பாஷை. உம்ம மிஷினுக்குத் தெரிஞ்சது இது ஒண்ணுதான். நீரு கோபோல் படிச்சா அதுக்கு யாரு வே சொல்லிக்கொடுப்பா? வீட்டுல உக்காந்து குத்தும். இங்கன ஏறி வராதீரும்.”

மைதீன் பாட்சா இறங்கவும் பிரின்ஸ்பால் மீசையில் வடைத்தூளோடு ஏறி வந்தார். “பாய் சேருதாரா?”

“ஃப்ளோசார்ட்டுக்கு யோசிக்காரு.”

“பெரிய ஆளுக யோசிக்கத்தான் செய்வாங்க. தாசில்தாருக்குக் கோபோல் ரொம்பப் பிடிச்சுப்போச்சு வே. அடுத்த மாசம் அதுலயே விளையாட்டுக்குன்னு தனி கோர்ஸ் போட்டுருவோம். நோட்டீஸுக்கு என்ன எழுதலாம், சொல்லும்.”

ஜீவரத்தினம் ஸ்டூலை விட்டு எழுந்திருக்கவில்லை.

“எதுவானாலும் எழுதுங்க அண்ணாச்சி. நான் கொஞ்ச நேரம் இப்படியே உக்காந்துக்கிடுதேன்.”