சம்பூர்ணம் வீட்டுக் குளிர்

2019 ஏப்ரல் பன்னிரண்டாம் தேதி, பகல் பதினோரு மணிக்கு, சம்பூர்ணத்தின் வீட்டுக்குள் பனி உறைந்தது. கொல்லமேட்டில் அன்றைக்கு வெயில் நூற்றாறு டிகிரி. தார்ச்சாலையில் செருப்பு ஒட்டிக்கொண்டது. கூடத்து மூலையில், விதைநெல் மூட்டை வைக்கும் இடத்தில், சிமெண்டுத் தரைமேல் உள்ளங்கை அகலத்துக்கு மூன்று வெள்ளைத் திட்டுகள். அதே நேரத்தில் திருவள்ளூரில் ஒரு கருத்தரிப்பு மையத்தில், அவளுக்கும் அவள் கணவன் முனிகிருஷ்ணனுக்கும் உருவான மூன்று கருக்களை நைட்ரஜன் தொட்டிக்குள் இறக்கிக்கொண்டிருந்தார்கள். பூஜ்யத்துக்குக் கீழே நூற்றுத்தொண்ணூற்றாறு டிகிரி என்று அங்கே நர்ஸாக இருந்த ரோஜா சொல்லியிருந்தாள். இரண்டையும் முடிச்சுப் போட்டுப் பார்க்க ஊருக்கு ஒரு வாரம் ஆனது. புரிந்த பிறகு, சரிதான் என்று விட்டுவிட்டது.

இருபது வருஷமாக வளைகாப்புக்கு அழைக்கிறவர்கள் குங்குமச் சிமிழோடு அவள் வீட்டை மட்டும் தாண்டிப் போவார்கள். அதே மகராசிகள் இப்போது தண்ணீர்க் குடத்தோடு வந்து நின்றார்கள், கொஞ்ச நேரம் மூலையில் வைத்து எடுத்துக்கொள்ளலாமா என்று கேட்டுக்கொண்டு. பழவேற்காட்டிலிருந்து மீன் கூடையோடு வரும் கெங்கம்மாள் நேராகவே பேசினாள்: “யக்கா, விக்காத எறால உங்கூட்டு மூலைல வெச்சிக்கினு போறேன். உனக்கு ரெண்டு கை நெத்திலி. உன் கொயந்திங்க இன்னா துன்னுடவா போவுது?” சம்பூர்ணம் சிரித்துவிட்டாள். அதுவரை யாரும் அவற்றைக் குழந்தைகள் என்று சொன்னதில்லை. கெங்கம்மாள் போன பிறகு கதவைச் சாத்திக்கொண்டு வெகுநேரம் அழுதாள்.

ஆவணியில் முதல் கருவை அவள் கர்ப்பப்பையில் வைத்தார்கள். அன்றே ஒரு திட்டு உருகி ஓடியது. பதினான்காம் நாள் ரத்தப் பரிசோதனையில் ஒன்றுமில்லை என்றார்கள். அடுத்த தையில் இரண்டாவது கருவும் இரண்டாவது திட்டும் அப்படியே போயின. பிறகு கொரோனா வந்து எல்லாக் கதவையும் மூடியது. மிச்சமிருந்த ஒரு திட்டின்மேல் துடைப்பம் படாமல் மூன்று வருஷம் பார்த்துக்கொண்டாள். பொழுது சாய்ந்தால் அதன் பக்கத்தில் உட்கார்ந்து கீரை ஆய்வாள், வயலில் என்ன நடந்தது என்று அதனிடம் சொல்வாள்.

2022 கார்த்திகைக் கடைசியில் ரோஜா போன் செய்தாள். “அம்மா, ஒன்னுதான் கீது. சட்டம் மாறிட்ச்சி, அம்பது வயசு ஆயிட்டா வெக்க மாட்டாங்க. சீக்கிரம் வந்துடுங்க.” சம்பூர்ணம் விரல் விட்டு எண்ணினாள். நாற்பத்தாறு முடியப் போகிறது. இன்னும் மூன்று வருஷம் கிடக்கிறது. முனிகிருஷ்ணன் விவசாயி. “மார்கழில யாராச்சும் வெத போடுவாங்களாம்மே? தை பொறக்கட்டும். கடைசி வெத, நல்ல மாசமா பாத்து வெக்கலாம்” என்றான். அவன் பரம்பரையில் ஒருவரும் மார்கழியில் விதை தெளித்ததில்லை. அவளுக்கும் அதுவே நியாயமாகப் பட்டது.

தை மூன்றாம் தேதி தலைநிறையப் பூவோடு போய் நின்றவளின் ஆதாரை வாங்கிப் பார்த்த ரோஜாவுக்கு முகம் செத்துவிட்டது. பிறந்த தேதி 1973 ஜனவரி பத்து. ஐம்பது வயதும் ஏழு நாளும். பதினைந்து வயதில் கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் ஒரு கம்பெனி வேலைக்கு அனுப்புவதற்காக, அவள் அப்பா தணிகாசலம் சான்றிதழில் 1976-இன் ஆறை மூன்றாக்கியிருந்தார். ரேஷன் கார்டு, வாக்காளர் அட்டை, ஆதார் எல்லாம் அந்த மூன்றின் பின்னாலேயே போயின. அவள் மனசுக்குள் மட்டும் பழைய கணக்கு ஓடிக்கொண்டிருந்தது.

“எனக்கு நாப்பத்தேயும்மா. சத்தியமா நாப்பத்தேயுதான்.”

“நான் நம்பறேம்மா. காகிதம் வேற சொல்லுதே” என்றாள் ரோஜா, தலையைத் தூக்காமல்.

சட்டத்தோடு யார் மல்லுக்கு நிற்பது? இரண்டு மாதம் அலைந்து பார்த்தார்கள். பிறகு கருவைக் கலைத்துவிடச் சம்மதம் என்று இருவரும் கையெழுத்துப் போட்டார்கள். திரும்பும் பஸ்ஸில் முனிகிருஷ்ணன் பெரியபாளையம் வரைக்கும் ஜன்னலையே பார்த்துக்கொண்டு வந்தான். அதற்குப் பிறகு அவன் மார்கழி என்ற பெயரைச் சொன்னதில்லை; அந்த மாசம் என்பான்.

பங்குனியில் ஒரு புதன்கிழமை, பதினோரு மணிக்குத் தொட்டியிலிருந்து எடுப்பதாகச் சொல்லியிருந்தார்கள். கெங்கம்மாள் முன்னாடியே வந்து இறால் கூடையைத் தூக்கிக்கொண்டாள். திட்டு உருகும் என்றுதான் எல்லாரும் நினைத்தார்கள். அது உருகவில்லை, தரையை விட்டு எழுந்து நின்றது. கண்ணுக்கு ஒன்றும் தெரியவில்லை. சம்பூர்ணத்தின் இடுப்பு உயரத்துக்கு, நாலு வயதுப் பிள்ளை அளவுக்குக் குளிர். நடந்த இடத்தில் சின்னச் சின்னதாய் வெள்ளைக் கால் தடம். அது வந்து அவள் சுண்டுவிரலைப் பிடித்துக்கொண்டது. வந்த பிள்ளைக்கும் வராமல் போன பிள்ளைக்கும் சேர்த்து அவள் ஒரே அழுகையாக அழுதாள்.

அது ஒருநாளும் சூடாகவில்லை. பத்து எண்ணும் வரைக்குந்தான் அதை அணைத்துக்கொள்ள முடியும். அதற்குமேல் நெஞ்சு மரத்துப்போகும். வலதுகை விரல்கள் வெடித்து, தேங்காயெண்ணெய் தடவியபடி இருந்தாள். முனிகிருஷ்ணன் அதற்கு இளமதி என்று பெயர் வைத்தான், பாயில் தன் பக்கத்துப் போர்வையையும் அதன்மேல் போட்டுவிட்டு விடியும்வரை நடுங்கினான்.

2024 ஜூனில் சம்பூர்ணம் இளமதியை ஊர்ப் பள்ளிக்கூடத்துக்குக் கூட்டிப்போனாள். அந்த வருஷம் ஒன்றாம் வகுப்பில் சேர ஆறே பேர்தான் வந்திருந்தார்கள், மின்விசிறியும் ஓடவில்லை. தலைமையாசிரியை நர்மதா சம்பூர்ணத்தின் வெடித்த விரல்களைப் பார்த்தாள், பக்கத்தில் தரையில் இருந்த இரண்டு வெள்ளைத் தடங்களைப் பார்த்தாள், பதிவேட்டைத் திறந்து ஏழாவது வரியில் பெயரை எழுதினாள். பிறந்த தேதி கேட்டாள்.

“ரெண்டாயிரத்துப் பத்தொம்போது, ஏப்ரல் பன்னெண்டு” என்ற சம்பூர்ணம், மேஜை விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். “டீச்சர், ஒரு நாள் கூட்டியும் போடாதீங்க, கொறச்சும் போடாதீங்க.”

பாதித் தேதியில் பேனா உறைந்து நின்றுவிட்டது. நர்மதா அதை உள்ளங்கைகளுக்கு நடுவே உருட்டிச் சூடாக்கி, வருஷத்தையும் எழுதி, தாயிடம் ஒருமுறை வாசித்துக் காட்டினாள். பிறகு, இனி வரப்போகும் எட்டாவது பெயருக்கு அடுத்த வரியைக் கோடு போட்டு வைத்தாள்.